சொந்த ஊர் விசேஷத்துக்கு ஜெட் அமர்த்துவோர் கவனத்துக்கு

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் துபாயிலும் தொழில் நடத்துகிற செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்கள் பல, கல்யாணம் என்றாலும் சாந்தி என்றாலும் கோயில் கும்பாபிஷேகம் என்றாலும் இன்றும் சொந்த ஊர் வீட்டுக்கே வந்து நடத்துகின்றன. ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அன்றைக்கு விளக்கேறுகிறது. அப்பத்தாவுக்கு விமான நிலையங்களில் மாறி மாறி ஏற முடியாது, பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுப்பு மூன்று நாள்தான். இப்படிக் கணக்குப் பார்த்துத் தனி ஜெட் வாடகைக்கு அமர்த்துவது இப்போது அரிதல்ல.

செட்டிநாட்டுக்கு விமானம் புதிதும் அல்ல. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் லண்டனை அடுத்த குராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழ் வாங்கியவர். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற நிறுவனம் தொடங்கி டகோட்டா விமானங்களைப் பறக்கவிட்டார். டகோட்டா மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும், கேபினில் காற்றழுத்த வசதி கிடையாது. இன்றைய நடுத்தர பிசினஸ் ஜெட் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில், 12, 13 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. ஏழு முதல் ஒன்பது பேர் அமரலாம். இரண்டு என்ஜின், இரண்டு விமானிகள்.

இந்த வகையில் இரண்டு விமானங்களை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, இந்தியாவில் நெடுநாளாகப் பறக்கிற ஹாக்கர் 800எக்ஸ்பி. 1962இல் முதலில் பறந்த டி ஹாவிலண்ட் 125இன் வழிவந்தது. மற்றொன்று, 2015இல் சான்று பெற்ற செஸ்னா சைட்டேஷன் லாட்டிட்யூட். இரண்டுக்கும் விளம்பரப் புத்தகத்தில் நல்ல எண்கள் இருக்கின்றன. அந்த எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

செய்ய வேண்டியவை

ஆட்களை எண்ணுவதோடு நிற்காமல் பெட்டிகளையும் நிறுத்துப் பாருங்கள். லாட்டிட்யூடில் ஒன்பது பயணிகள் வரை அமரலாம். அதன் தூரம் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். இரண்டும் சரிதான். ஆனால் அந்தத் தூரம் நான்கு பயணிகளோடு, சிக்கன வேகத்தில் போனால் கிடைப்பது. டாங்க் முழுவதும் எரிபொருள் நிரப்பிவிட்டால் இந்த விமானத்தில் ஆளும் பெட்டியுமாக ஏற்றக்கூடிய எடை சுமார் 450 கிலோதான். ஆளுக்கு 75 கிலோ, பெட்டி 15 கிலோ என்று வைத்தால் ஐந்து பேரோடு சரி. ஒன்பது பேர் ஏற வேண்டுமானால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். எரிபொருள் குறைந்தால் தூரமும் குறையும்.

நம் வீட்டு விசேஷப் பெட்டி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பட்டுப் புடவைகள், வெள்ளிச் சாமான்கள், திரும்பிப் போகும்போது மணவோலமும் அதிரசமும் முறுக்கும் அடைத்த டின்கள். இதில் எடை மட்டுமல்ல, அளவும் பிரச்சினை. லாட்டிட்யூடில் பெட்டிகளுக்கான இடம் மொத்தம் 127 கன அடி. பெரும்பகுதி வெளிப்புற அறையில், கொஞ்சம் கேபினுக்குள். ஹாக்கரில் பெட்டிகள் முன்பக்கம், சமையல் மேடைக்கு எதிரே உள்ளேயே அடுக்கப்படும். இடம் லாட்டிட்யூடில் பாதிகூட இல்லை. ஒரு பெரிய அட்டைப்பெட்டி வாசலில் நுழையாமல் நின்றுபோனால் வேறு வழியில்லை. மூன்று நாளுக்கு முன்பே ஒவ்வொருவரின் எடையையும் ஒவ்வொரு பெட்டியின் எடை, நீள அகலத்தையும் எழுதி விமான நிறுவனத்துக்கு அனுப்புங்கள். எடையைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் இங்கே ஆபத்து. விமானி அந்த எண்களை வைத்துத்தான் புறப்படும் வேகத்தைக் கணக்கிடுகிறார்.

எந்த ஊருக்குப் போகிறீர்களோ அந்தத் தூரத்துக்கு விமானம் எடுங்கள். நம் முன்னோர் கப்பலேறிப் போன ஊர்களின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு மகிழ்ச்சியான செய்தி கிடைக்கிறது. செட்டிநாட்டுக்குப் பக்கத்து விமான நிலையங்களில் ஒன்றான திருச்சியிலிருந்து நேர்கோட்டில் ரங்கூன் ஏறத்தாழ 1,080 கடல் மைல். பினாங்கு 1,320, கோலாலம்பூர் 1,450, சிங்கப்பூர் 1,600, சைகோன் 1,650. துபாயும் 1,600 பக்கம். எல்லாமே நடுத்தர ஜெட்டின் எல்லைக்குள் இருக்கின்றன. இவற்றுக்கு முழு டாங்க் தேவையில்லை என்பதால் ஏழெட்டுப் பேர் பெட்டிகளோடு போகலாம். வழியில் நிற்க வேண்டியதில்லை. ஹாக்கர் 800எக்ஸ்பியின் தூரம் சுமார் 2,500 கடல் மைல். அதுவும் போதும்.

லண்டன் என்றால் கதை வேறு. 4,400 கடல் மைலுக்கும் மேல். நடுவே ஓரிடத்தில் கட்டாயம் இறங்க வேண்டும். இறங்காமல் போக வேண்டுமானால் பெரிய ஜெட் எடுக்க வேண்டும், வாடகை எங்கோ போய்விடும். கொழும்பு 230 கடல் மைல்தான். அதற்கு ஜெட் வீண், இரட்டை என்ஜின் டர்போபிராப் போதும். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் எளிது, பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரைக்கும் வருகிறது.

காற்றைக் கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை, எனவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று தரையில் வீசும் அதே மாதங்களில், தென்னிந்தியாவுக்கு வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு வேகமான காற்றோட்டம் இருக்கிறது. 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். பயணிகள் ஜெட்டுகளைவிட உயரமாகப் பறப்பது பிசினஸ் ஜெட்டின் சிறப்பு. ஹாக்கர் 41,000 அடி வரை போகும், லாட்டிட்யூட் 45,000 அடி வரை. இந்த மாதங்களில் அந்த உயரத்தில்தான் அந்தக் காற்றும் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். விமானத்தின் வேகம் 420 நாட், அதாவது மணிக்கு 420 கடல் மைல் என்று கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் திருச்சி–சிங்கப்பூர் 1,600 கடல் மைலுக்கு 3 மணி 50 நிமிடம் ஆகும். எதிர்காற்று 60 நாட் இருந்தால் 4 மணி 27 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3 மணி 20 நிமிடம். ஆகவே ஆவணி மாதக் கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஜெட் சீக்கிரம் வந்துவிடும், திரும்பும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகும். வாடகை பறக்கும் மணிக்கணக்கில் போடுவது வழக்கம். போகவும் வரவும் ஒரே நேரம் என்று பாதியாகப் பிரித்துத் தரும் மதிப்பீட்டை ஏற்காதீர்கள். அந்த மாதத்துச் சராசரிக் காற்றை வைத்துத் தனித்தனியே கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நல்ல நிறுவனம் அரை மணியில் அதைத் தந்துவிடும்.

எங்கே இறங்குவது என்பதை வெயிலையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். காரைக்குடிக்குத் திருச்சியும் மதுரையும் ஏறத்தாழ ஒரே தூரம், 90 கிலோமீட்டர் அளவு. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழி. மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழி. திருச்சி ஓடுதளம் 2,480 மீட்டர், மதுரை 2,285 மீட்டர். லாட்டிட்யூட் முழு எடையோடு புறப்பட 1,091 மீட்டர் போதும் என்கிறது புத்தகம், ஹாக்கர் 800எக்ஸ்பிக்குச் சுமார் 1,534 மீட்டர். இரண்டு நிலையங்களிலும் தாராளம். ஆனால் புத்தகத்தின் எண் கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் எடுத்தது. சித்திரை, வைகாசியில் பிற்பகல் இரண்டு மணிக்கு மதுரை ஓடுதளத்தில் 15 டிகிரியை எங்கே தேடுவது? சூடான காற்று அடர்த்தி குறைந்தது. என்ஜினின் உந்துவிசையும் இறக்கையின் தூக்குவிசையும் குறையும், ஓட வேண்டிய தூரம் நீளும். விடிகாலையிலோ இரவிலோ புறப்படுவது விமானத்துக்கும் நல்லது, குழந்தைகளுக்கும் நல்லது.

புதுச்சேரி மாதிரிச் சிறிய நிலையங்களில் இறங்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ஓடுதளம் 1,500 மீட்டர்தான். முழு எடை ஹாக்கர் அங்கிருந்து புறப்பட முடியாது என்பது மேலே உள்ள எண்ணிலேயே தெரிகிறது. இறங்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. வாடகைக்குப் பறக்கும் ஜெட், ஓடுதளத்தின் 60 சதவீதத்துக்குள் நின்றுவிடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஈரத் தரை என்றால் இன்னும் 15 சதவீதம் கூட்ட வேண்டும். லாட்டிட்யூட் நிற்கத் தேவையான தூரம் 756 மீட்டர். ஈரத்துக்குக் கூட்டினால் 869. 1,500இன் 60 சதவீதம் 900. மிச்சம் 31 மீட்டர். ஐப்பசி அடைமழையில் அந்த 31 மீட்டரை நம்பிக் குடும்பத்தை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

பெரியவர்களுக்காகக் கேபினைப் பாருங்கள். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருப்பவர்கள் உணரும் உயரம் வேறு. லாட்டிட்யூட் 45,000 அடியில் பறக்கும்போது கேபினுக்குள் 5,950 அடி உயரத்துக் காற்றழுத்தம்தான், அதாவது ஏறக்குறைய குன்னூர். ஹாக்கர் தன் உச்ச உயரத்தில் பறக்கும்போது உள்ளே ஏறக்குறைய ஊட்டி. நெஞ்சுக் கோளாறோ மூச்சிரைப்போ உள்ள ஐயா ஒருவர் நான்கு மணி நேரம் அமர்ந்து வரப்போகிறார் என்றால் இந்த வித்தியாசம் பெரிது. மருத்துவரிடம் முன்பே கேட்டு, அவர் சொல்வதை எழுதி வாங்கி, விமானியிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அவர் உயரத்தைக் குறைத்துப் பறப்பார். எரிபொருள் கூடும், பரவாயில்லை.

ஏறும் படியையும் பாருங்கள். பயணிகள் விமானத்தில் இருப்பதுபோல இங்கே ஏரோபிரிட்ஜ் வராது. கதவோடு சேர்ந்த குறுகலான மடிப்புப் படியில் ஏற வேண்டும், சக்கர நாற்காலி உள்ளே போகாது. ஹாக்கரின் கேபின் உயரம் 1.75 மீட்டர். நெடிய ஆள் குனிந்துதான் நடக்க வேண்டும். லாட்டிட்யூடில் 1.83 மீட்டர், தரையும் சமதளம். முழங்கால் வலி உள்ள ஆச்சிகளுக்கு லாட்டிட்யூட் வாடகை கூடுதலானாலும் தகும்.

அனுமதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாடகைக்கு விடும் நிறுவனத்திடம் இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) தந்த அட்டவணையில்லாச் சேவை அனுமதி இருக்க வேண்டும். உங்களுக்கு அனுப்பப்போகிற விமானத்தின் பதிவு எண், விடி என்று தொடங்குவது, அந்த அனுமதியில் இருக்கிறதா என்று பாருங்கள். காப்பீட்டுப் பத்திரத்தையும் பாருங்கள். ஹாக்கர் உற்பத்தி நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. பழைய விமானம் என்பதாலேயே மோசம் என்று சொல்ல முடியாது, பராமரிப்புதான் முக்கியம். என்ஜின் கடைசியாக எப்போது பெரிய பரிசோதனைக்குப் போனது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தங்கம், வெள்ளி கொண்டுவந்தால் சுங்கத்தில் அறிவியுங்கள். தனி விமானத்துக்குத் தனிச் சட்டம் கிடையாது.

செய்யக்கூடாதவை

செட்டிநாட்டு ஓடுதளத்தில் இறங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் அது. அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று இந்தப் பகுதி மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள், நானும் அதை விரும்புகிறேன். ஆனால் இன்றைய நிலையில் அது ஜெட் இறங்கும் இடமல்ல. தரை சரியில்லாத இடத்தில் ஒரு கல் என்ஜினுக்குள் போனால் போதும்.

பூஜைச் சாமான் பெட்டியில் கற்பூரம் வைக்காதீர்கள். விமானச் சரக்கு விதிகளில் அது தீப்பற்றும் திடப்பொருள் பட்டியலில் இருக்கிறது. வாணவேடிக்கை, மத்தாப்பு, அடுப்புக்கான கேஸ் குப்பி எதுவும் கூடாது. பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள், வெளிப்புறப் பெட்டி அறையில் போடாதீர்கள். கற்பூரம் காரைக்குடிக் கடைகளில் கிடைக்கும்.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்வோம் என்று சொல்லி இருக்கைக்கு மேல் ஓர் ஆளைக் கூட்டாதீர்கள். கைக்குழந்தைக்குத் தனி விதி உண்டு, எட்டு வயதுப் பையனுக்கு இல்லை.

தெரிந்தவரின் சொந்த விமானத்துக்குக் கைக்காசு கொடுத்துப் பறக்காதீர்கள். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான விமானத்தைக் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுவது சட்டவிரோதம். அசம்பாவிதம் நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். நட்புக்காகக் கொடுக்கிறார் என்றால் காசில்லாமல் ஏறுங்கள். காசு கொடுக்க வேண்டும் என்றால் அனுமதி பெற்ற நிறுவனத்துக்குப் போங்கள். பாதி வாடகை என்ற பேச்சில் மயங்கி இந்தத் தவறைச் செய்பவர்கள் படித்தவர்கள்தான் என்பது எனக்கு வருத்தம்.

மழையில் இறங்கச் சொல்லி விமானியை நெருக்காதீர்கள். 2023 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினத்திலிருந்து வந்த லியர்ஜெட் 45 ஒன்று, மும்பையில் கனமழையில் இறங்கும்போது ஓடுதளத்தை விட்டு விலகி நொறுங்கியது. உள்ளே எட்டுப் பேர். உயிர்ச்சேதம் இல்லை. மும்பை ஓடுதளம் நீளமானது, நிலையம் பெரியது, அங்கேயே இப்படி. வடகிழக்குப் பருவமழையில் மதுரைக்கு மேலே இடியுடன் மேகம் திரண்டிருந்தால் விமானி திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ திருப்பிவிடுவார். அதற்கான எரிபொருளைச் சேர்த்துத்தான் அவர் புறப்பட்டிருப்பார். கார்களை மாற்றி அனுப்புவது நம் பொறுப்பு. முகூர்த்தத்துக்கு முதல் நாளே ஊர் சேரும்படி திட்டமிட்டிருந்தால் யாருக்கும் பதற்றம் வராது. முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இறங்குவதாகப் போடும் திட்டத்தை எந்த ஜெட்டும் காப்பாற்றித் தராது.

விமானியின் பணிநேரத்தை நீட்டச் சொல்லாதீர்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக இதைச் சொல்கிறேன். செட்டிநாடு இதற்கு ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது. கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர். 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் கல்லாங் நிலையத்தில் இறங்கிய பிரிட்டிஷ் நிறுவனமான பிஓஏசியின் கான்ஸ்டலேஷன் விமானம், ஓடுதளத்துக்குச் சற்று முன்பே இருந்த கடல் தடுப்புச் சுவரில் மோதிக் கவிழ்ந்து தீப்பற்றியது. பயணிகள் 31 பேரும் இறந்தார்கள். சிதம்பரம் செட்டியாரும் அவர்களில் ஒருவர். வயது 45. விசாரணையில் வெளிவந்த உண்மைகளில் ஒன்று, சிட்னியில் புறப்பட்ட அந்தக் கேப்டன் 21 மணி நேரத்துக்கும் மேலாகப் பணியில் இருந்தார் என்பது. களைப்பும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது.

இன்று பணிநேர வரம்புகளை டிஜிசிஏ எழுதி வைத்திருக்கிறது. ஆனால் தனி ஜெட்டில் அந்த வரம்பைச் சோதிப்பவர் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவர்தான். காலையில் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கி, விருந்து முடியும் வரை விமானிகளை நிலையத்தில் காத்திருக்க வைத்து, இரவு பதினொரு மணிக்குத் திரும்பலாம் என்று கேட்பது சாதாரணமாகத் தெரியும். காத்திருக்கும் நேரமும் பணிநேரம்தான். நல்ல விமானி முடியாது என்பார். அப்போது அவருடைய முதலாளிக்குப் போன் போடாதீர்கள், கூடுதல் பணம் பேசாதீர்கள். திருச்சியில் அவர்களுக்கு நல்ல ஹோட்டலில் அறை போட்டுக் கொடுத்து மறுநாள் காலை புறப்படுங்கள். அறை வாடகை மொத்தச் செலவில் கணக்கிலேயே வராது.

உங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். முன்பணம் கொடுக்கும் முன், விமானிகளின் பணிநேரம், எடைக் கணக்கு, மாற்று நிலையம் ஆகிய மூன்றையும் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் நிறுவனத்தின் விமானத்தில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.